இடுப்புக்குள் ஓடும் பாதைகள்

நடக்கிற மனிதர் பெரும்பாலான நேரம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறார். ஒரு முழு நடைச் சுற்றில் இரண்டு பாதங்களும் ஒருசேரத் தரையில் இருப்பது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான். மீதி நேரமெல்லாம் ஒரு கால் அந்தரத்தில் இருக்க, உடம்பின் பாரத்தை மற்றக் கால் தனியாகச் சுமக்கிறது. அப்போது தூக்கிய காலின் பக்கமாக இடுப்பு சரிந்து விழுந்திருக்க வேண்டும். விழாமல் பிடித்து நிறுத்துவது ஊன்றிய காலின் பக்கத்தில், பேண்ட் பாக்கெட்டுக்கு நேர் உள்ளே இருக்கும் ஒரு தசை. ஒவ்வோர் அடிக்கும் அது இழுத்துப் பிடிக்கிறது, அடுத்த அடியில் தளர்கிறது. அதன் பெயர்கூடத் தெரியாமல் ஆயுள் முழுக்க நடந்து தீர்ப்பவர்களே அதிகம்.

குளூட்டியஸ் மீடியஸ் என்பது அதன் பெயர். அதற்கு அடியில் அதே வேலையைப் பார்க்கும் சிறிய தசை குளூட்டியஸ் மினிமஸ். இரண்டும் இடுப்பெலும்பின் அகன்ற வெளிப்புறத்தில் கிளம்பி, தொடையெலும்பின் மேல்முனையில் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் மேட்டில் வந்து பற்றுகின்றன. ஒருக்களித்துப் படுக்கும்போது பாயில் அழுந்தும் அந்த மேட்டைக் கையாலேயே தொட்டுப் பார்க்கலாம்.

இந்த ஏற்பாட்டை ஒரு தராசாக எண்ணிக்கொண்டால் கணக்கு எளிதில் புரியும். தொடையெலும்பின் உருண்டைத் தலை, தராசின் நடுமுள். ஒரு பக்கத்தில் உடம்பின் பாரம், மறுபக்கத்தில் தசையின் இழுப்பு. ஆனால் இரு கைகளும் சமநீளம் கிடையாது. பாரத்தின் கை நீளம், தசையின் கை அதில் பாதிகூட இருக்காது. ஆகவே சமநிலைக்கு வர, தசை உடம்பின் எடையைவிட அதிக விசையோடு இழுத்தாக வேண்டும். பாரம், இழுப்பு இரண்டும் சேர்ந்து மூட்டின் மேல் இறங்குகின்றன. பெர்லினில் கெயார்க் பெர்க்மான் தலைமையிலான குழு, விசையை அளந்து வானொலி அலையாக வெளியே அனுப்பும் உணரிகளைச் செயற்கை மூட்டுக்குள் வைத்து இதை நேரடியாகவே அளந்தது. சாதாரண நடையில் மூட்டின் மேல் விழும் சுமை உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. கால் தடுக்கிய ஒரு கணத்தில் அது எட்டு மடங்கைத் தாண்டியது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் வாசற்படியில் தடுக்கினால் அந்தச் சிறு மூட்டு ஏறக்குறைய அரை டன்னைத் தாங்குகிறது.

இடுப்புப் பகுதியில் வலிக்கிற இடம் ஒன்றாகவும் பழுதான இடம் வேறொன்றாகவும் இருப்பது மிகச் சாதாரணம். தசை எங்கே பற்றுகிறது, நரம்பு எந்த வாசல் வழியாக வெளியே வருகிறது, ரத்தக்குழாய் எந்தப் பக்கமாக ஏறுகிறது என்பது தெரிந்தவரால்தான் சரியான இடத்தில் தேட முடியும். இது மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் உரிய அறிவாக இருந்துவிடக் கூடாது. ஊசியை எங்கே போடச் சொல்வது, கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது, குளியலறையில் விழுந்த பாட்டியை என்ன செய்வது என்று வீடுகளில் எடுக்கப்படும் முடிவுகள் இந்தப் பாதைகளைச் சார்ந்தே இருக்கின்றன.

ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபிரீட்ரிஷ் டிரெண்டலென்பர்க், குறை தெரியும் பக்கம் ஒன்றாகவும் பழுதான பக்கம் வேறாகவும் இருப்பதை 1895இல் அழகாகக் காட்டினார். பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகிய குழந்தைகள் வாத்துபோல் அசைந்து நடப்பதற்கு, மூட்டு மேலும் கீழும் வழுக்குவதே காரணம் என்று அதுவரை நம்பினார்கள். அவர் நோயாளிகளின் சட்டையைக் கழற்றச் சொல்லி, பின்னால் நின்று பார்த்தார். ஒரு காலில் நிற்கச் சொன்னதும், தூக்கிய காலின் பக்கத்து இடுப்பு கீழே இறங்கியது. குறை ஊன்றிய பக்கத்துத் தசையில் என்பது அதிலிருந்தே விளங்கிவிட்டது. எக்ஸ்ரே புழக்கத்துக்கு வராத காலத்தில் கண்ணை மட்டும் நம்பிச் செய்த இந்தச் சோதனை, இன்றும் எலும்பு மருத்துவர்களின் அறைகளில் நாள்தோறும் நடக்கிறது.

இந்தியாவில் இந்த நடையைப் பரவலாக்கியது போலியோ. அந்தக் கிருமி தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் செல்களை அழித்தபோது, பலருக்குப் புட்டத் தசைகள் செயலிழந்தன. நாட்டின் கடைசிக் காட்டுவகைப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்ததாகச் சான்று கிடைத்தது. அதற்கு முன் பாதிக்கப்பட்டவர்களில் பலர் இன்று நடுவயதிலும் முதுமையிலும் இருக்கிறார்கள். ஒவ்வோர் அடிக்கும் உடம்பை ஒரு பக்கம் சாய்த்துச் சாய்த்து நடந்து, செயலிழந்த தசையின் வேலையை முதுகால் ஈடுகட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மனித இடுப்பின் இந்தத் திறன் மிகப் பழையது. சிம்பன்சியின் இடுப்பெலும்பு பின்பக்கம் பார்த்து நிமிர்ந்து நிற்பதால், அதே தசை அங்கே தொடையைப் பின்னால் தள்ளத்தான் உதவுகிறது. சிம்பன்சி இரண்டு காலில் நடந்தால் தள்ளாடுவது இதனால்தான். எத்தியோப்பியாவின் ஹதாரில் 1974இல் கிடைத்த லூசி என்ற பெண்ணின் எலும்புக்கூடு ஏறத்தாழ 32 லட்சம் ஆண்டு பழையது. அவளுடைய இடுப்பெலும்பு பக்கவாட்டில் அகன்று விரிந்திருக்கிறது. மூளை பெரிதாவதற்கு வெகுகாலம் முன்பே இடுப்பு மாறிவிட்டது.

கைத்தடிக்கு வருவோம். வலது இடுப்பில் வலி என்றால் தடியை வலது கையில் பிடிப்பதே பலரின் இயல்பு. அது தவறு. தடி இடது கையில் இருக்க வேண்டும். வலது காலை ஊன்றும்போது இடுப்பு இடப்பக்கமாகச் சரியப் பார்க்கிறது. இடது கை தடியை லேசாக அழுத்தினாலே அந்தச் சரிவு தடுக்கப்படுகிறது, மூட்டிலிருந்து கை வெகுதூரம் தள்ளி இருப்பதால் சிறு அழுத்தத்துக்கே பெரும் பலன். வலது பக்கத் தசை அவ்வளவு கடுமையாக இழுக்கத் தேவையில்லாமல் போகிறது, மூட்டின் சுமையும் குறைகிறது. அமெரிக்க எலும்பு மருத்துவர் வால்டர் பிளவுண்ட், கைத்தடியைத் தூக்கி எறியாதீர்கள் என்று தலைப்பிட்டே 1956இல் ஒரு கட்டுரை எழுதினார். காசு செலவில்லாத இந்த வைத்தியத்தை மருந்துச் சீட்டில் எழுதித் தரும் மருத்துவர்கள் இன்னும் பெருக வேண்டும்.

பார்வைக்குப் பெரிதாகத் தெரியும் குளூட்டியஸ் மேக்ஸிமஸ், உடம்பிலேயே பருமனான தசை. சமதரையில் நிதானமாக நடக்கையில் அதற்கு அதிக வேலை இல்லை. தரையில் உட்கார்ந்தவர் எழும்போதும், மலைக்கோயில் படி ஏறும்போதும், ஓடும்போதும்தான் அது முழு வலுவைக் காட்டுகிறது. முன்பக்கத்தில் அதற்கு எதிர்த்திசையில் வேலை செய்வது இலியோசோவாஸ். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் கிளம்பி, வயிற்றின் பின்சுவரை ஒட்டி இறங்கி, தொடையெலும்பின் உட்பக்கத்தில் முடிகிறது. படி ஏற முழங்காலை உயர்த்துவது அதுவே.

அதன் பாதைக்கு ஒரு கொடிய விளைவும் உண்டு. முதுகெலும்பைக் காசநோய் தாக்கினால், அங்கே ஊறும் சீழ் இந்தத் தசையின் உறைக்குள் புகுந்து கீழே வழிந்து, கவட்டியில் கட்டியாக வந்து நிற்கும். கவட்டிக் கட்டியைக் கீறிவிட்டு அனுப்பினால் நோய் முதுகில் அப்படியே இருக்கும். காசநோய் இன்னும் ஒழியாத நாட்டில் இதை மறக்கக் கூடாது.

பின்புறத்தின் திறவுகோல் பைரிஃபார்மிஸ் என்ற சிறு தசை. இடுப்புக் கூட்டின் உள்ளிருந்து ஒரு பெரிய துளை வழியாக வெளியே வந்து, புட்டத்தைக் குறுக்கே கடக்கிறது. அதன் மேல்விளிம்பை ஒட்டி, மீடியஸ் தசையை இயக்கும் நரம்பும் அதற்கு ரத்தம் தரும் தமனியும் வெளிவருகின்றன. கீழ்விளிம்பை ஒட்டி மேக்ஸிமஸுக்கான நரம்பும் தமனியும், அவற்றோடு உடம்பிலேயே தடித்த நரம்பான சியாட்டிக் நரம்பும் வருகின்றன. சியாட்டிக் நரம்பு கிளம்பும் இடத்தில் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் அகலம். நூற்றில் எண்பதுக்கும் மேற்பட்டோருக்கு அது பைரிஃபார்மிஸுக்குக் கீழே ஒரே நரம்பாக வருகிறது. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு முன்கூட்டியே இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை தசையைத் துளைத்துக்கொண்டு வருகிறது.

புட்டத்தில் போடும் ஊசி இந்த நரம்பைத் தொட்டுவிட்டால் விளைவு கடுமையானது. ஊசி இறங்கிய நொடியே மின்சாரம் பாய்ந்ததுபோல் கால் முழுக்க வலி பரவும், பின் பாதம் தொங்கிப்போகும். நரம்பின் வெளிப்பக்கத்து இழைகள் எளிதில் சேதமாகும், பாதத்தை மேலே தூக்கும் இழைகள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. சதைப்பற்று குறைந்த குழந்தைகளுக்கும் மெலிந்த முதியவர்களுக்கும் ஆபத்து கூடுதல். அதனால்தான் புட்டத்தை மனதில் நான்காகப் பிரித்து, மேலே வெளிப்பக்கம் உள்ள கால்பங்கில் மட்டுமே ஊசி போட வேண்டும் என்று செவிலியர்களுக்குக் கற்றுத்தருகிறார்கள். கைக்குழந்தைகளின் பெண்டாவேலன்ட் தடுப்பூசியை இந்திய அரசின் அட்டவணை தொடையின் முன்வெளிப்புறத்தில் போடச் சொல்வதும் இதே காரணத்தால். சாதாரணக் காய்ச்சலுக்கெல்லாம் ஓர் ஊசி போடுங்கள் என்று கேட்டு வாங்கும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. மாத்திரையில் தீரும் நோய்க்கு ஒரு காலைப் பணயம் வைக்க எந்த நியாயமும் இல்லை.

புட்டத்தில் தொடங்கிக் கெண்டைக்கால் வரை இறங்கும் வலியைச் சயாட்டிகா என்கிறார்கள். வலி புட்டத்தில், பழுது பெரும்பாலும் முதுகில். பாஸ்டனைச் சேர்ந்த வில்லியம் மிக்ஸ்டரும் ஜோசப் பாரும், முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதே காரணம் என்று 1934இல் காட்டினார்கள். சிலருக்குப் பைரிஃபார்மிஸ் தசையே நரம்பை நெருக்குவதுண்டு. பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸோடு நாள் முழுக்க வண்டி ஓட்டுபவர்களுக்கு அந்தப் பர்ஸே எதிரியாகலாம்.

முன்பக்கக் கவட்டியில் வெளியிலிருந்து உள்நோக்கி நரம்பு, தமனி, சிரை என்ற வரிசையில் மூன்றும் அடுத்தடுத்து இறங்குகின்றன. தமனியின் துடிப்பை விரலால் உணர முடியும். அதையே அடையாளமாக வைத்து, இடுப்பு முறிந்து துடிக்கும் முதியவருக்கு அருகிலுள்ள நரம்பைச் சுற்றி மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துகிறார்கள், இப்போது ஸ்கேன் துணையோடு. கொஞ்ச நேரத்தில் வலி அடங்குகிறது.

அதே வரிசைக்கு வெளியே, இடுப்பெலும்பின் முன்முனையை ஒட்டி ஒரு மெல்லிய நரம்பு தொடையின் வெளிப்புறத் தோலுக்குப் போகிறது. இறுக்கமான பெல்ட், இறுக்கி முடிந்த பாவாடை நாடா, கர்ப்பம், தொப்பை ஆகியவை அதை நெரித்தால் தொடையின் வெளிப்புறம் எரியும், மரத்துப்போகும். கால் பலவீனமாகாது, ஏனென்றால் அந்த நரம்பு எந்தத் தசையையும் இயக்குவதில்லை. சிக்மண்ட் ஃபிராய்டுக்கே இந்தத் தொல்லை இருந்தது, 1895இல் அதைப் பற்றி எழுதியும் இருக்கிறார். பக்கவாதம் வருகிறதோ என்று அஞ்சி ஓடி வருபவர்களுக்கு நாடாவைத் தளர்த்துவதே பல நேரங்களில் மருந்து.

ஆப்டுரேட்டர் என்ற இன்னொரு நரம்பு செய்யும் குழப்பம் இன்னும் பெரிது. அதன் கிளைகள் இடுப்பு மூட்டுக்கும் போகின்றன, முழங்கால் மூட்டுக்கும் போகின்றன. ஒரு மூட்டை இயக்கும் தசைகளுக்குப் போகும் நரம்பே அந்த மூட்டுக்கும் கிளை தருகிறது என்ற விதியைச் சொன்னவர் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ஜான் ஹில்டன். வலியையும் ஓய்வையும் பற்றி 1860 முதல் 1862 வரை அவர் ஆற்றிய உரைகள் நூலாகவும் வந்தன. விளைவு என்னவென்றால், இடுப்பு மூட்டில் நோயுள்ள குழந்தை முழங்காலைக் காட்டி அழும். முழங்காலை எக்ஸ்ரே எடுப்பார்கள், அதில் ஒன்றும் இருக்காது. வளரும் வலி என்று சொல்லி அனுப்புவார்கள்.

அந்தக் குழந்தைக்கு இருப்பது பெர்த்தஸ் நோயாக இருக்கலாம். நான்கு முதல் எட்டு வயதுக்குள், பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு, தொடையெலும்புத் தலைக்கு ரத்தம் போவது தடைபட்டு அந்தத் தலை நொறுங்கத் தொடங்கும். அமெரிக்காவின் லெக், பிரான்ஸின் கால்வே, ஜெர்மனியின் பெர்த்தஸ் ஆகிய மூவரும் 1910இல் தனித்தனியாக இதை விவரித்தார்கள். நொண்டும் குழந்தை முழங்கால் வலி என்று சொன்னால் இடுப்பையும் சேர்த்துப் பாருங்கள் என்று மருத்துவரிடம் கேட்பது பெற்றோரின் உரிமை.

ரத்தக்குழாய்களில் மருத்துவர்கள் மிகவும் அஞ்சுவது எலும்போடு ஒட்டி ஓடுபவற்றை. சாலை விபத்தில் இடுப்பெலும்பு உடைந்தால், மேல் புட்டத் தமனி போன்றவை கிழிந்து, வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே உயிர்போகும் அளவு ரத்தம் தேங்கலாம். அத்தகையவரை உட்கார வைக்காமல், இடுப்பெலும்பை அசைத்துப் பார்க்காமல், படுக்கை விரிப்பையோ வேட்டியையோ பட்டையாக மடித்து இறுகக் கட்டுவது முதலுதவி. கட்ட வேண்டிய இடம் வயிறு அல்ல, தொடையின் வெளிப்புற எலும்பு மேடுகள் இருக்கும் மட்டம்.

புகையிலைப் பழக்கமுள்ள ஒருவருக்குக் கொஞ்ச தூரம் நடந்ததும் புட்டம் இழுத்துப் பிடித்து, நின்றால் சரியாகிறது என்றால் அது மூட்டு வலியாக இல்லாமல் தமனி அடைப்பாக இருக்கலாம். ஆண்மைக் குறைவும் கவட்டித் துடிப்பு மறைவதும் சேர்ந்து வருவதைப் பிரெஞ்சு மருத்துவர் ரெனே லெரிஷ் விவரித்தார். அவர் பெயரே அந்த நோய்க்கு நிலைத்தது.

ஆனால் இந்தப் பகுதியின் மிகப் பெரிய துயரம் ஒரு சின்னஞ்சிறு தமனியில் அடங்கியிருக்கிறது. தொடையெலும்பின் தலைக்கு ரத்தம் மேலிருந்து வருவதில்லை. தொடைத் தமனியின் ஒரு கிளை, தலைக்குக் கீழே ஒடுங்கியிருக்கும் எலும்புக் கழுத்தின் பின்பக்கமாகச் சுற்றி, மூட்டுறையைத் துளைத்து, கழுத்தோடு ஒட்டியபடி மெல்லிய குழாய்களாக மேலே ஏறுகிறது. தலையின் உச்சியில், அது பொருந்தியிருக்கும் இடுப்பெலும்புக் கிண்ணத்திலிருந்து வரும் இன்னொரு குழாய் பெரியவர்களுக்குப் போதுமான ரத்தம் தருவதில்லை. ஆகவே கழுத்து முறிந்து விலகினால் அந்தக் குழாய்களும் அறுபடுகின்றன. லண்டனின் ஆஸ்ட்லி கூப்பர் 1822இல் வெளியிட்ட நூலிலேயே, மூட்டுறைக்கு உள்ளே முறிவதும் வெளியே முறிவதும் வேறுவேறு என்றும், உள்ளே முறிந்தது எலும்பாகக் கூடுவதில்லை என்றும் எழுதினார்.

எலும்பு தேய்ந்த பாட்டி ஈரத்தரையில் வழுக்கி விழுகிறார். எழ முடியவில்லை. கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. இந்த இரண்டு அடையாளங்களும் தெரிந்தால் முறிவு என்றே கொள்ள வேண்டும். சிலருக்கு முறிந்த முனைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்வதால் வலியோடு நடக்கவும் முடியும். நடக்கிறாரே என்று விட்டுவிட்டால் பிறகு அது விலகும்.

கை முறிந்தவர்களை ஆந்திரத்தின் புத்தூருக்குக் கட்டுப் போடக் கூட்டிச்செல்லும் வழக்கம் வட தமிழகத்தில் உண்டு. தொடையெலும்புக் கழுத்து எந்தக் கட்டுக்கும் அகப்படாது. அது அடுக்கடுக்கான தசைகளுக்குள் ஆழத்தில் இருக்கிறது, வெளியிலிருந்து கட்டி அசையாமல் வைக்க வழியில்லை. மற்ற எலும்புகளைச் சுற்றிப் புதிய எலும்பை வளர்க்கும் உறை அந்தக் கழுத்தில் இல்லை. ரத்த ஓட்டமும் அறுந்துபோயிருக்கிறது. வயதாகிவிட்டது, ஆபரேஷன் வேண்டாம், படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று குடும்பங்கள் சொல்வது அன்பினால்தான். ஆனால் படுத்தே கிடப்பவரைப் படுக்கைப் புண்ணும் நிமோனியாவும் காலில் ரத்தம் உறைவதும் சூழ்ந்துகொள்கின்றன. இரண்டு நாளுக்குள் அறுவை சிகிச்சை, மறுநாளே வாக்கர் பிடித்து நிற்க வைப்பது என்பதுதான் இன்றைய மருத்துவத்தின் நெறி. வயது இங்கே அறுவைக்கு எதிரான வாதமாக முடியாது, விரைவதற்கான காரணம் அது.

இளையவர் என்றால் திருகாணி போட்டுத் தலையைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். முதியவருக்கு இறந்துபோகப்போகும் தலையை எடுத்துவிட்டு உலோகத் தலையை வைப்பார்கள். கிண்ணத்தையும் சேர்த்து மாற்றும் முறையை நிலைநாட்டியவர் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் சார்ன்லி. 1962இல் அவர் பாலிஎத்திலீன் கிண்ணத்துக்கு மாறியபோது நவீன இடுப்பு மாற்று அறுவை தொடங்கியது. பொருளைப் போலவே நெம்புகோல் கணக்கிலும் அவர் கவனம் வைத்தார். கிண்ணத்தை உள்நோக்கித் தள்ளி, தசை பற்றும் எலும்பு மேட்டை வெட்டி எடுத்து வெளிப்பக்கம் தள்ளிப் பொருத்தினார். தசைக்கு நீளமான கை கிடைத்தது, மூட்டின் சுமை குறைந்தது.

தமனியின் பாதையை நுட்பமாக வரைந்ததால் கிடைத்த பலனுக்கு ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரம் சாட்சி. இடுப்பு மூட்டை வேண்டுமென்றே கழற்றினால் தலை செத்துவிடும் என்று தலைமுறைகளாக நம்பினார்கள். ரெய்ன்ஹோல்ட் கான்ஸும் அவருடைய குழுவினரும் அந்தக் கிளைத் தமனி எந்தத் தசைக்கு முன்னால், எதற்குப் பின்னால் போகிறது என்று சடலங்களில் ஆராய்ந்தார்கள். அதைக் காக்கும் சிறு தசை ஒன்றை வெட்டாமல் விட்டு, 213 இடுப்புகளைக் கழற்றிச் சீர்செய்து மீண்டும் பொருத்தினார்கள். 2001இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கையின்படி ஒரு தலைகூட ரத்தமின்றி இறக்கவில்லை.

மாற்று அறுவைக்கு மருத்துவர் எந்த வழியாக உள்ளே போகிறார் என்பதைப் பொறுத்தே நோயாளியின் அடுத்த சில மாதங்கள் அமைகின்றன. பக்கவாட்டு வழியில் மீடியஸ் தசையைப் பிளந்து போகிறார்கள், எலும்பு மேட்டின் நுனிக்கு மேலே ஏறத்தாழ 5 சென்டிமீட்டரில் அதன் நரம்பு ஓடுவதால் வெட்டு அதைத் தாண்டினால் நொண்டல் தங்கிவிடும். முன்வழியில் தசை வெட்டுப்படுவதில்லை, ஆனால் தொடையின் வெளிப்புறத் தோல் நரம்பு காயப்பட்டு அங்கே மரமரப்பு நிற்கலாம். பரவலாகக் கையாளப்படும் பின்வழியில் பைரிஃபார்மிஸையும் அதன் அண்டைத் தசைகளையும் எலும்பிலிருந்து விடுவித்து, முடிவில் மீண்டும் தைக்கிறார்கள். அந்தத் தையல் ஆறும்வரை பின்சுவர் பலவீனமாக இருக்கும். முட்டி இடுப்பைவிட உயரமாக வந்தாலோ, கால் மேல் கால் போட்டாலோ புதிய தலை பின்பக்கம் நழுவி வெளியே வரலாம். ஆகவே தரையில் சம்மணமிடுவது, குத்துக்கால் வைப்பது, தாழ்வான கட்டிலிலிருந்து எழுவது எல்லாம் அந்த வாரங்களில் கூடாது. வீட்டில் இந்தியக் கழிப்பறை மட்டும் இருந்தால், அதன் மேல் வைக்கும் உயரமான நாற்காலியை அறுவைக்கு முன்பே வாங்கி வைத்துவிட வேண்டும். எந்த வழியாகச் செய்யப்போகிறீர்கள், எவ்வளவு நாளைக்கு எப்படி உட்காரக் கூடாது என்ற இரண்டு கேள்விகளை அறுவைக்கு முந்தைய நாளே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.